சீப்பண்ணன் டெய்சிச் செடிக்கு முடி வெட்டிய கதை

சீப்பண்ணனுக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவரே திரும்பிப் பார்த்து வேறு யாரையோ தேடுவார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கறுப்புச் சீப்பு தலை நீட்டிக்கொண்டு நிற்கும். தூங்கும்போதும் அது தலையணைக்குப் பக்கத்தில்தான் தூங்கும். அதனால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது.

முன்பக்கம் சலூன், அதை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண். சலூனில் சுழலும் நாற்காலி ஒன்று, எதிரெதிரே இரண்டு கண்ணாடி. காலையில் கடை திறந்ததும் கத்தரியைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, "கடவுளே, இன்னைக்கும் யார் காதும் என் கையில சிக்காம பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டுதான் முதல் தலையில் கை வைப்பார். அவர் வேண்டுதல் இதுவரை வீண்போனதில்லை. தெருவில் எல்லோருக்கும் இரண்டு காதும் இருக்கிறது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு என்று தெருவில் சொல்வார்கள். எதுவும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். முடி வெட்டிக்கொண்டு போனவரைத் தெருமுனை வரை ஓடிப்போய், "அண்ணே, வலது பக்கம் ஒரு நூல் கூடியிருக்கு, கொஞ்சம் வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துவந்திருக்கிறார். போனவர் பஸ்ஸைத் தவறவிட்டார். முடி மட்டும் ஒரே மட்டமாக இருந்தது.

பின்னால் இருக்கிற துண்டு மண் மட்டும் அவர் ஆட்சிக்கு உட்படாதது. அது அவர் மனைவியின் ராஜ்யம். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற கை அந்த அம்மாளுடையது. மாவு பிசைந்தாலும் மண் பிசைந்தாலும் அந்தக் கைக்கு ஒரே பக்குவம். அங்கே அவர் வளர்த்தது வெள்ளை டெய்சி. வருடத்துக்கு வருடம் விதை போட்டு முளைக்க வைக்கிற ஜாதி இல்லை. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால், குளிரில் வாடிச் சுருண்டு படுத்துவிட்டு, வெயில் வந்ததும் தானே எழுந்து பூக்கிற ஜாதி. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ். பார்த்தால் யாரோ சிரிக்கிற மாதிரியே இருக்கும்.

போன வருடம் அந்தப் பழைய புதர் நடுவில் காய்ந்துபோனது. சுற்றிலும் பச்சை, நடுவில் வெறும் கட்டை.

"உங்க பளபள மாமா தலை மாதிரி ஆயிடுச்சு பாருங்க. ஓரத்துல இருக்கு, நடுவுல இல்ல" என்றார் அந்த அம்மாள்.

பளபள மாமா என்பவர் தினமும் சலூனுக்கு வருகிறவர். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. இருந்தாலும் பேப்பர் படிக்க வருவார், பேச வருவார், சீப்பண்ணனை "மாப்ளே" என்று கூப்பிட்டு வம்பிழுக்க வருவார். உறவு ஒன்றுமில்லை. உறவு இருந்திருந்தால் இவ்வளவு ஒட்டியிருக்க மாட்டார்கள் என்று அந்த அம்மாள் சொல்வார்.

அந்தப் புதரை அந்த அம்மாள் வேரோடு கிளப்பி, பழைய ரொட்டிக் கத்தியால் ஆப்பு ஆப்பாகப் பிளந்தார். செத்த நடுக்கட்டையைத் தூக்கி எறிந்தார். ஓரத்தில் உயிரோடு இருந்த துண்டுகளைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, சுவரோரமாய் வரிசையாக நட்டார். சீப்பண்ணன் உதவி செய்கிறேன் என்று மண்ணை அள்ளிக் குவிக்கப் போனார்.

"ஐயோ, கழுத்து வரைக்கும் மண்ணு போடாதீங்க. துளிர் வர்ற இடம் வெளிய தெரியணும். மூடினா அழுகிடும். அது மூச்சு விட வேணாமா?"

"நான் போர்வை போத்துற மாதிரி போட்டேன்."

"அதுக்குக் குளிரல. நீங்க போய் யாருக்காவது சேவிங் பண்ணுங்க."

முதல் வருடம் செடி சும்மாதான் இருந்தது. வேர் ஓடுகிற வருடம் அது. "அடுத்த வருஷம் பாருங்க, ஜன்னலைத் திறந்தா பூ உள்ள வந்து உட்காரும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடம் வந்தது. குளிர் விட்டு, செடி பச்சை கட்டி எழுகிற நேரத்தில், ரொட்டிக்கடையின் ஈரத்தரையில் அந்த அம்மாள் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சீப்பண்ணன் கடவுளுக்கு நன்றி சொன்னார். வீட்டுக் குளியலறைக்குப் படி ஏறிப் போக வேண்டும் என்பதால், மகள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பக்கத்து ஊர்தான். எலும்பு கூடிவிட்டது. ஆனால் நடை கூடவில்லை. வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள் முகம் வெளுத்துவிடும். திரும்ப உட்கார்ந்துவிடுவார். கம்பி எலும்புக்குள் போனபோது பயமும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் மகள் அப்பாவுக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"அப்பா, இப்படியே உட்கார்ந்திருந்தா அப்புறம் எழுந்திரிக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கெஞ்சிப் பாத்தாச்சு, திட்டியும் பாத்தாச்சு. என் டெய்சி பூக்கட்டும், அன்னைக்கு வந்து செடி வரைக்கும் நானே நடக்கிறேன், அதுவரைக்கும் என்னை விட்டுடுன்னு சொல்றாங்க. அந்தப் பூவைத்தான்ப்பா நம்பியிருக்காங்க."

"பூ பூக்கும்மா. நான் பாத்துக்கிறேன்" என்றார் சீப்பண்ணன். சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது, கையில் கத்தரி இல்லாமலே விரல்கள் வெட்டுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிந்ததும் செடிக்குத் தண்ணீர். இலை மேல் படாமல், அடியில் மட்டும், சலூனில் தண்ணீர் பீச்சுகிற பாட்டிலை விட்டுவிட்டுச் செம்பால் ஊற்றினார். களையை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நத்தை வந்து இளந்துளிரைத் தின்கிறது என்று தெரிந்ததும், கடையில் கூட்டி அள்ளிய முடியைக் கொண்டுபோய்ச் செடியைச் சுற்றி வேலி போல் பரப்பினார். முடி குத்தினால் நத்தை வராது என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார்.

பளபள மாமா பின்கட்டுக்கு வந்து நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"தெருவுல எல்லார் பங்கும் இந்தச் செடிக்குப் போயிருக்கு. என் பங்குதான் இல்ல."

"நீங்க மனசால குடுங்க மாமா, போதும்."

மறுநாள் மாமா ஒரு டப்பா நிறைய முட்டை ஓட்டை நொறுக்கிக் கொண்டுவந்து கொட்டினார். "என் தலை மாதிரி இருக்கிறதைத்தான் மாப்ளே என்னால குடுக்க முடியும்" என்றார். நத்தை அதற்கும் பயந்தது.

ஒரு காலையில், தண்டின் உச்சியில் பச்சைப் பொத்தான் போல ஒரு மொட்டு. பக்கத்துத் தண்டில் இன்னொன்று. எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார், சந்தோஷத்தில் கணக்கு தப்பிவிட்டது. அன்றைக்குச் சலூனுக்கு வந்தவர்கள் யாரும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. முகத்தில் பாதி நுரையோடு ஒருவர், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியபடி இன்னொருவர், எல்லோரையும் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்க் காட்டினார். சாயங்காலம் போனில் மனைவிக்கும் காட்டினார்.

"பொத்தான் வந்துடுச்சா?" என்று அந்த அம்மாள் போனுக்குள் முகத்தை நுழைத்துவிடுகிற மாதிரி வந்து பார்த்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சீப்பண்ணன் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள்தான். நடக்கிறதுக்குத் தயாரா இரு."

"நான் தயார்தான். நீங்க அதைத் தொடாம இருந்தா போதும்."

அங்கேதான் வினை.

கடைக்கு விடுமுறை நாள். சும்மா இருக்கத் தெரியாத கை. செடி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணில், வரிசையில் ஒரே ஒரு தண்டு மற்றவற்றைவிட உயரமாய்த் துருத்திக்கொண்டு நின்றது பட்டுவிட்டது. வகிடு எடுத்த தலையில் ஒரு முடி மட்டும் நட்டுக்கொண்டு நின்றால் அவரால் தாங்க முடியுமா? கத்தரியை எடுத்து வந்து அந்த ஒன்றை மட்டும் வெட்டினார். வெட்டியதும் இடது பக்கம் கூடின மாதிரி தெரிந்தது. அதைக் குறைத்தார். இப்போது வலது பக்கம் கூடியது. சீப்பை எடுத்து மேலே படுக்கவைத்து மட்டம் பார்த்தார். நடுவில் மேடு. நடுவை இறக்கினார். ஓரம் நீண்டது. ஓரத்தை ஒதுக்கினார். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, 'கிச் கிச்' என்று ஒரே தாளத்தில் கத்தரி ஓடியது. கடைசியில் ஒரு தட்டு தட்டி, தூசி ஊதி, இரண்டடி பின்னால் போய் நின்றார். பவுடர் போடாததுதான் பாக்கி. சுவரோரம் முழுக்க ஒரே மட்டம், அப்பழுக்கில்லாத கிராப்பு.

அப்புறம்தான் கீழே பார்த்தார்.

காலடியில் வெட்டிய தண்டுகளுக்கு நடுவே, பச்சைப் பொத்தான்கள் சிதறிக் கிடந்தன. அத்தனையும்.

ஒன்றை எடுத்துத் தண்டின் நுனியில் வைத்துப் பார்த்தார். விட்டதும் விழுந்தது. தலைமுடியாவது பரவாயில்லை, வெட்டினவர் ரெண்டு வாரத்தில் மறுபடியும் வந்து உட்காருவார். பூ?

மாமா வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, ஊர்லயே உன் கையில வெட்டுப்படாத ஒரே ஆள் நான்தான். இப்போ புரியுது, ஆண்டவன் என்னை ஏன் இப்படிப் படைச்சான்னு."

சீப்பண்ணன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வானத்தைப் பார்த்தார். "கடவுளே, காதைக் காப்பாத்துன்னுதானே கேட்டேன். கையைக் காப்பாத்துன்னு கேக்காம விட்டுட்டேனே" என்று மனசுக்குள் புலம்பினார்.

சாயங்காலம் போன் வந்தது. "செடி எப்படி இருக்கு?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு. "பச்சைப் பசேல்னு இருக்கு" என்றார். அது உண்மைதான்.

"காட்டுங்களேன்."

"வெளிச்சம் போயிடுச்சும்மா." அதுவும் உண்மைதான். வெளிச்சம் போகட்டும் என்று அவர்தான் பேச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதை. கடையில் ஆள் இருந்தது, போனில் சார்ஜ் இல்லை, மழை தூறுகிறது. தினமும் வேண்டிக்கொண்டார், தினமும் தண்ணீர் ஊற்றினார். நம்பிக்கையால் ஊற்றினாரா, பயத்தால் ஊற்றினாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு காலையில் களை பிடுங்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெட்டிய தண்டுக்குக் கீழே, இலை தண்டோடு சேருகிற அந்தக் கக்கத்தில், கடுகளவு துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. அடுத்த தண்டைப் பார்த்தார். அங்கேயும் இரண்டு. அதற்கடுத்ததில் இரண்டுக்கு மேலேயே. சீப்பின் பல்லால் இலையை மெல்ல விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே சுவரோரம் முழுக்கத் தவழ்ந்தார்.

அப்படியே எழுந்து சலூனுக்குள் ஓடினார். முட்டியெல்லாம் மண்.

"மாமா, ஆயுசு முழுக்க முடி வெட்டியிருக்கேன். ஒண்ணை வெட்டினா ஒண்ணுதான் வளரும். இது ஒண்ணை வெட்டினா ரெண்டா வருது மாமா."

மாமா பேப்பரைக் கீழே வைத்தார். தன் தலையைத் தடவிக்கொண்டார். "இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

துளிர் தண்டாயிற்று. தண்டின் நுனியில் தூசு மாதிரி மொட்டுகூட வர ஆரம்பித்தது. ஆனால் பூப்பதற்கு இன்னும் நாள் ஆகும். அதற்குள் மகளிடமிருந்து மறுபடியும் போன். அம்மா வாக்கரைத் தொடுவதே இல்லையாம். ஜன்னலோர நாற்காலியை விட்டு அசைவதில்லையாம்.

"நீங்க ஏதோ மறைக்கிறீங்கன்னு அம்மா சொல்றாங்கப்பா. இந்தாங்க, அவங்க கிட்டயே பேசுங்க."

"என்னங்க, நிஜத்தைச் சொல்லுங்க. செடி செத்துப்போச்சா?" அந்தக் குரல் உடைந்து போயிருந்தது. "செத்திருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். எனக்கும் இனிமே எங்கயும் நடக்கிறதுக்கு இல்ல."

இதைக் கேட்டபிறகு மறைக்கச் சீப்பண்ணனால் முடியவில்லை.

"சாகலம்மா. நான் வெட்டிட்டேன்."

"எதை?"

"செடியை. ஒரு தண்டு மட்டும் கூடி இருந்துச்சு. அதைச் சரிபண்ணப் போயி..."

"மொட்டையுமா வெட்டினீங்க?"

"மொட்டையும்தான்."

"ஒண்ணுகூட விடலையா?"

"ஒரே மட்டமா வந்துடுச்சும்மா" என்றார் சீப்பண்ணன், தொழில் பழக்கத்தில்.

டொம் என்று ஒரு சத்தம். போன் விழுந்திருக்கிறது. மகள் "அம்மா, அம்மா" என்று கத்துகிறாள். ஏதோ இழுபடுகிற ஓசை, கதவு அடிபடுகிற ஓசை. "என்னாச்சு? விழுந்துட்டாளா? யாராவது பேசுங்களேன்" என்று சீப்பண்ணன் போனைப் பிடித்துக் கதறினார். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தவரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

கடைசியில் மகள் போனை எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, அம்மா இங்க இல்ல."

"இல்லன்னா?"

"வாசக்கதவு கிட்ட நிக்கிறாங்க. வாக்கரைத் தள்ளிக்கிட்டு அவங்களே நடந்து போயிட்டாங்க. செருப்பைத் தேடுறாங்க. இப்பவே உங்களைப் பாக்க வரணுமாம்."

தூரத்தில் அந்த அம்மாளின் குரல் கேட்டது. "ஊர்ல இருக்கிற தலையெல்லாம் போதலையாமா அந்த மனுஷனுக்கு? என் செடிதான் கிடைச்சுதா? நான் வர்ற வரைக்கும் அந்தக் கத்தரியை ஒளிச்சு வைக்கச் சொல்லு."

அப்புறம் மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சீப்பண்ணன் சலூன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாதி வெட்டிய தலைக்காரர் நின்றுகொண்டே இருந்தார், பாவம்.

அன்றே வர டாக்டர் விடவில்லை. ஆனால் அந்த அம்மாளின் கோபம் தணியவும் இல்லை. தினமும் வராந்தாவில் நடந்தார். ஒரு அடிக்கு ஒரு திட்டு வீதம் என்று மகள் போனில் சொன்னாள். "இன்னைக்கு மாடிப்படி வரைக்கும் போயிட்டாங்கப்பா. உங்க வம்சத்தையே இழுத்துட்டாங்க." சீப்பண்ணன் "நல்லா திட்டச் சொல்லும்மா, நல்லா திட்டச் சொல்லு" என்று பூரித்துப் போனார். துளிர் வந்த சேதியை மட்டும் அவர் சொல்ல வரும்போதெல்லாம், "செடியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாதாம்ப்பா" என்று பதில் வந்தது.

சில வாரங்கள் கழித்து, அவர்கள் வருகிற நாள் காலையில், சீப்பண்ணனும் மாமாவும் சேர்ந்து சலூனின் சுழலும் நாற்காலியைக் கழற்றிப் பின்கட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நடந்து வந்து களைத்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தபடியே எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது சீப்பண்ணனின் யோசனை. தூக்கிவந்த வேகத்தில் மாமாவின் தலை வியர்த்து மின்னியது.

வண்டி வந்து நின்றது. மகள் கை கொடுக்க வந்தாள். அந்த அம்மாள் தட்டிவிட்டார். வாக்கரை முன்னால் வைத்தார், காலை எடுத்தார். வாக்கர், கால். வாக்கர், கால். கண்ணில் அனல் பறந்தது. சீப்பண்ணன் நாற்காலிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

சுவர் முனையில் திரும்பியதும் அந்த அம்மாள் நின்றார்.

ஜன்னலுக்குக் கீழே, ஒல்லியாய் நெட்டையாய்ச் சாய்ந்து கிடக்கிற வழக்கமான டெய்சி இல்லை. குட்டையாய், புதராய், குச்சி முட்டுக் கொடுக்காமலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது செடி. தண்டுக்குத் தண்டு மொட்டு. பாதிக்கு மேல் விரிந்துவிட்டது. வெள்ளை வெளேர் என்று, மஞ்சள் கண்ணைத் திறந்து, சுவர் நீளத்துக்கும் சிரித்தது.

"உட்காரும்மா" என்று சீப்பண்ணன் நாற்காலியைத் துடைத்துத் திருப்பினார்.

"நான் உட்காரவா வந்தேன்?"

வாக்கரை நகர்த்தினார். நாற்காலியைத் தாண்டினார். செடி வரைக்கும் நடந்தார். ஒரு கையை எடுத்து ஒரு பூவைத் தொட்டார். அப்புறம் தன்னை மறந்து இன்னொரு கையையும் எடுத்து, அந்தப் பூவை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் ஏந்தினார். வாக்கர் சும்மா நின்றது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் குனிந்து வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கண்ணால் அளந்தார். முகம் இளகியது. ஆனால் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிட முடியுமா?

"எல்லாம் சரி. அந்த ஓரத்துல ஒண்ணு ஒரு நூல் கூடியிருக்கு பாருங்க."

சீப்பண்ணனின் கை தன்னால் கத்தரியைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது. மாமா பாய்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றுதான் சிரித்தார்.